இரைச்சலின் வரலாறு - 17: ஜண்டாப்பூரில் நின்ற நாடகம்

‘டெசர்ட் ரெயின்’ இசைத்தொகுப்பு பதிவான மேடைக்கு இந்த வாரம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். 1997 ஜனவரி 1, டெல்லி மண்டி ஹவுஸ், இந்தியன் ஓஷன் குழு. தேதியை எழுதியதும் பேனா அங்கேயே நின்றுவிட்டது. புத்தாண்டு நாளில், ஒரு ராக் குழு, வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவு நிகழ்ச்சியில் ஏன் வாசித்தது? அதைச் சொல்லாமல் மேடையேற எனக்கு மனம் வரவில்லை.

1978 ஏப்ரல் 30 அன்று, லண்டன் விக்டோரியா பார்க்கில் இனவெறிக்கு எதிராக பங்க் குழுவான க்ளாஷ் வாசித்த கதை உங்களுக்குத் தெரியும். அதே ஆண்டில்தான் டெல்லியில் சஃப்தரின் நாடகக் குழுவான ஜன நாட்டிய மஞ்ச் ‘மெஷின்’ என்ற வீதி நாடகத்தை அரங்கேற்றியது. பெரிய நாடகம் போட நெருக்கடிநிலைக்குப் பிந்தைய தொழிற்சங்கங்களிடம் காசில்லை. அதனால் மேடை வேண்டாம், விளக்கு வேண்டாம், திரை வேண்டாம் என்று வீதியில் இறங்கினார்கள். நாடகத்தின் நீளம் ஏறத்தாழ 13 நிமிடம்தான். சைக்கிள் நிறுத்தக் கொட்டகையும், தேநீர் குடிக்க கேன்டீனும் கேட்ட காஸியாபாத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து பிறந்த கதை அது. நடிகர்கள் உடம்பை ஒன்றோடொன்று கோத்து இயந்திரமாக நிற்பார்கள். இயந்திரத்தின் சத்தத்தையும் வாயாலேயே எழுப்புவார்கள். திடீரென்று சத்தம் நிற்கும்.

எனக்கு இதுதான் டெல்லியின் பங்க். காதில் ஊக்கு குத்தி, முடியைச் சேவல்கொண்டையாக நிறுத்துவதையே பங்க் என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கையில் காசில்லாதபோது, சொல்ல வேண்டியதை இருப்பதை வைத்துச் சத்தமாகச் சொல்வதுதான் பங்க். நம் பிரளயனும் சென்னைக் கலைக்குழுவும் தெருவில் நின்று செய்ததும் இதைத்தான்.

செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர் சஃப்தர். நினைத்திருந்தால் வசதியான வேலையில் காலம் தள்ளியிருக்கலாம். 1989 ஜனவரி 1 அன்று, டெல்லியை ஒட்டிய சாஹிபாபாத்தின் ஜண்டாப்பூரில் அவர் குழு ‘ஹல்லா போல்’ நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய நவம்பரில் டெல்லித் தொழிலாளர்கள் நடத்திய 7 நாள் வேலைநிறுத்தத்தின் சூடு ஆறாத நாடகம். உள்ளூர்த் தேர்தல் நேரம். தடிகளோடு ஒரு கும்பல் வந்தது. ராம் பகதூர் என்ற தொழிலாளியைச் சுட்டுக் கொன்றது. மற்றவர்கள் தப்பட்டும் என்று சஃப்தர் அவர்கள் ஒதுங்கிய கட்டடத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடித்த அடியில் மறுநாள் இறந்தார். வயது 34. இந்த வழக்கில் தண்டனைத் தீர்ப்பு வந்தது 2003இல். அவ்வளவு ஆண்டுகள் காத்திருக்க வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜனவரி 4. கணவர் இறந்து இரண்டே நாள். அவருடைய மனைவியும் குழுவின் நடிகையுமான மாலயஸ்ரீ, தோழர்களோடு அதே ஜண்டாப்பூருக்குத் திரும்பிப் போனார். பாதியில் நின்ற ‘ஹல்லா போல்’ நாடகத்தை அதே இடத்தில் முழுமையாக நடித்துக் காட்டினார். ராக் வரலாற்றில் எத்தனையோ துணிச்சல்களைப் படித்திருக்கிறேன். உடைத்த கிதார்கள், தடைசெய்யப்பட்ட பாட்டுகள், போலீஸ் வந்து நிறுத்திய கச்சேரிகள். மாலயஸ்ரீ அந்த வீதிக்குள் காலெடுத்து வைத்ததற்கு இணையாக அவற்றில் ஒன்றையும் என்னால் வைக்க முடியவில்லை.

அந்த ஆண்டே சஃப்தர் பெயரில் ‘சஹ்மத்’ அமைப்பு பிறந்தது. ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் கலைஞர்கள் ஒன்றுகூடத் தொடங்கினார்கள். 1997இல் அங்கே வந்தவர்களைப் பாருங்கள்: முதல் ஒலிப்பதிவுக்குப் பணம் திரட்டத் தன் எலக்ட்ரிக் கிதாரையே விற்ற சுஷ்மித் சென். பாடியபடியே தாளமும் வாசிக்கும் அஷீம் சக்ரவர்த்தி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றும் நர்மதை மக்களின் போராட்டத்துக்குப் போன ராகுல் ராம். டிரம்ஸில் அமித் கிலாம். சஃப்தரின் நாளில் வாசிக்க இவர்களைவிடப் பொருத்தமான ராக் குழு அன்றைய டெல்லியில் இல்லை.

அன்று ஓடிய டேப்பில் என்ன பதிந்தது என்பதை அடுத்த வாரம் கேட்போம்.