ஒரே மொழி, இரண்டு இனங்கள்: நுஃமான் சொன்னது

கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமானைக் கவிஞராகத்தான் எங்கள் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியும். தமிழ் படிப்பித்தே காலம் கழித்த எனக்கு அவர் முதலில் மொழியியலாளர். மொழியையும் இனத்தையும் பற்றி எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் நூறு வருடத்துக்கு மேல் நீடிக்கும் குழப்பத்தைத் தெளிவாக்கித் தந்தவர் அவர்தான்.

குழப்பத்தின் வேர் 1885இல் இருக்கிறது. சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டும் என்ற பேச்சு எழுந்த காலம் அது. தமிழ்ப் பிரதிநிதி பொன்னம்பலம் இராமநாதன் எழுந்து, சோனகர் எனப்படும் இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே முஸ்லிம்கள் என்று வாதிட்டார். அவர் காட்டிய முக்கிய சான்றுகளில் ஒன்று, வீட்டில் அவர்கள் பேசும் தமிழ். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் ஒரு நூலே எழுதி அதை மறுத்தார். சோனகரின் மூலம் அறபு நாடு என்றார். பிரதிநிதித்துவத்துக்கான போட்டி வம்சாவளி விவாதமாக மாறியது. பிற்காலத்தில் முஸ்லிம் தலைவர்கள் சிலர், தமிழ் தங்களுக்குத் தற்செயலாக வந்த மொழி என்று ஒதுக்கிப் பேசவும் இதுவே வழிவிட்டது.

நுஃமான் இந்த இரண்டு பக்கத்தையும் ஏற்கவில்லை. இன அடையாளம் இரத்தத்தில் வருவதல்ல, அரசியல் போட்டிக்குள் வரலாற்றில் உருவாவது என்பது அவர் நிலைப்பாடு. தமிழ் பேசுவதால் முஸ்லிம்கள் தமிழர் ஆகிவிடமாட்டார்கள். தமிழர் அல்ல என்பதற்காகத் தமிழ் அவர்களுக்குப் பிறத்தி மொழியும் ஆகாது.

எங்கள் கரையில் இதை வாழ்க்கையிலேயே பார்க்கலாம். தாய்வழிக் குடி முறை இங்கே தமிழரிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு மரைக்கார்மாரைக் குடிவழியாகத் தெரிவு செய்யும் வழக்கம் இருந்தது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது இரு சாராரின் வழக்கமும்தான். வாப்பா, உம்மா என்று கூப்பிடும் அதே வாய்தான் நோன்பு, தொழுகை என்ற தமிழ்ச் சொற்களால் மார்க்கக் கடமைகளையும் சொல்கிறது.

அரசியல் வேறு வழியில் போனது. 1956 தேர்தலில் கல்முனையில் எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியில் வென்றார்கள். அதே வருடம், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது. பின்னர் இருவரும் அரசாங்கப் பக்கம் போய்விட்டார்கள். சிங்களவர் நடுவே சிதறி வாழும் தென்பகுதி முஸ்லிமுக்கும், தமிழ் மட்டும் தெரிந்த எங்கள் வேளாண்மைக்காரனுக்கும் மொழிச் சட்டம் ஒன்றாகத் தைக்கவில்லை. அந்த வேறுபாட்டைப் பார்க்காமல் முஸ்லிம் அரசியலை விளங்க முடியாது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது 'புத்தரின் படுகொலை' கவிதையை எழுதியவர் நுஃமான். 1990 ஒக்டோபரில், அதே தமிழைப் பேசிய வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒரே மொழி என்பது யாரையும் காப்பாற்றவில்லை. ஆனாலும் நுஃமான் தமிழை விடவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபடியே, இன்றைய எழுத்துத் தமிழின் இயல்பை விளக்கும் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' நூலை 1999இல் தந்தார். புணர்ச்சி விதிக்குப் பயந்து எழுதாமல் இருந்த பிள்ளைகள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு எழுதத் தொடங்கியதை என் வகுப்பிலேயே பார்த்தேன்.

தமிழர் தரமுயர்த்தக் கேட்டு, முஸ்லிம்கள் எதிர்த்த கல்முனை வடக்கு பிரதேச செயலகப் பிரச்சினை 2019இல் உண்ணாவிரதம் வரை போனது. இரு சாராரும் தங்கள் நியாயத்தைத் தமிழிலேதான் சொன்னார்கள். தமிழ்ச் சகோதரர்கள் மொழியைக் காட்டி எங்கள் தனித்துவத்தை மறுக்க வேண்டாம். நாங்கள் தனித்துவத்தைக் காட்டி எங்கள் மொழியைத் தாழ்த்தவும் வேண்டாம். எல்லையைப் பற்றிப் பேச உட்காருமுன் இரு பக்கமும் நுஃமானைப் படியுங்கள்.