ரூட் கல்லும் ஆரஞ்சுப் பந்தும்

பூமிக்குள் கேபிள் புதைத்தால் மேலே அடையாளத்துக்கு ஒரு கல் நடுவது தொலைபேசித் துறையின் பழைய வழக்கம். ரூட் கல் என்போம். தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் இப்போதும் ஒன்றிரண்டு தலை காட்டும். சாலையை அகலப்படுத்தினாலும் வடிகால் கட்டினாலும் முதலில் காணாமல் போவது அதுதான். டீக்கடை வாசலில் உட்காரும் கல்லாக மாறியதையும் பார்த்திருக்கிறேன்.

செம்புக் கேபிள் காலத்தில் கல் போனாலும் கவலை இல்லை. ஒரு முனையில் டோன் கொடுத்துவிட்டு, லொக்கேட்டரைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தால் சத்தம் வழிகாட்டும். வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாயையும் இப்படியே தேடலாம். கண்ணாடி இழையும் பிளாஸ்டிக் குழாயும் வந்த பிறகுதான் வம்பு. உலோகமே இல்லாததற்கு டோன் எப்படிக் கொடுப்பது? வழி தெரிந்தவர்கள் அதைப் புதைத்த லைன்மேனும் ஜாயின்டரும்தான். "அந்தப் புளியமரத்திலிருந்து நாலடி சார்" என்பார்கள். மரம் போய்விட்டது. அவர்களும் ரிட்டயர் ஆகிவிட்டார்கள்.

இதற்கு வந்த மாற்று எலக்ட்ரானிக் மார்க்கர். அமெரிக்காவின் த்ரீஎம் கம்பெனி செய்ததில் ஒரு வகை, கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் பந்து. உள்ளே பேட்டரி கிடையாது. கம்பிச் சுருளும் கெபாசிட்டரும்தான். சுருள் திரவத்தில் மிதப்பதால் பந்தை எப்படிப் போட்டாலும் மட்டமாகவே நிற்கும். மேலிருந்து லொக்கேட்டர் அலை அனுப்பினால், சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்துகூடப் பதில் வரும். தொலைபேசிக்கு ஆரஞ்சு நிறம், 101.4 கிலோஹெர்ட்ஸ், குடிநீருக்கு நீலம், 145.7, மின்சாரத்துக்குச் சிவப்பு, 169.8, கேஸுக்கு மஞ்சள், 83. ஒன்றைக் கூப்பிட்டால் மற்றது வாய் திறக்காது. பிறகு வந்தவற்றில் சிப் வைத்து, எந்தக் குழாய், என்ன ஆழம் என்பதையும் எழுதி வைத்தார்கள்.

பேட்டரி இல்லாமல் பதில் சொல்லும் வித்தை புதிதல்ல. 1945இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்குப் பரிசாகக் கொடுத்த மரச் சின்னத்துக்குள் ரஷ்யர்கள் ஒளித்து வைத்த ஒட்டுக்கேட்கும் கருவியும் இந்த ஜாதிதான். ஏழு வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை!

நம் ஊருக்கு வருவோம். 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். அதுவரை பத்துப் பேரும் தனித்தனியாகக் குழாய் போட்டவர்கள். 2023 மார்ச் 22 அன்று மத்திய அரசு, 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைத் தொடங்கியது. தாறுமாறாகத் தோண்டுவதால் நாட்டுக்கு வருஷத்துக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அப்போது சொன்னார்கள். நல்ல ஏற்பாடுதான். தோண்டுபவரையும் குழாய்க்குச் சொந்தக்காரரையும் அது பேச வைக்கும். ஆனால் குழாய் எங்கே என்று சொந்தக்காரருக்கே தெரியாவிட்டால் என்ன பேசுவார்?

கேபிள் அறுந்தால் போன் போகும், அவ்வளவுதான். கேஸ் குழாய் அப்படியல்ல. 2004இல் பெல்ஜியத்தின் கிஸ்லெங்கியனில், கட்டட வேலையின்போது அடிபட்ட கேஸ் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள்.

பள்ளம் திறந்திருக்கும்போது பந்தைப் போட்டு மூட ஒரு நிமிஷம் ஆகும். மூடிய பிறகு போடுவதென்றால், குழாய் எங்கே என்று முதலில் தேட வேண்டும். பழைய ஜாயின்டர்கள் சிலர் இன்னும் செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் இருக்கிறார்கள். ஒரு ஆட்டோ வைத்து அழைத்துப் போனால் இப்போதும் இடத்தைக் காட்டுவார்கள்.