மென்பொருள் இலவசம், ஆனா கேள்வி கேட்க ஆள் எங்கே?

ஒரு பல்கலைக்கழகத்தில் எழுதப்படுகிற ஆய்வுக் கட்டுரைகளை யார் வேணும்னாலும் காசு கொடுக்காமல் படிக்கிற மாதிரி இணையத்தில் சேர்த்து வைக்கிற இடத்துக்கு நிறுவனக் களஞ்சியம்னு பேர். அதைப் பார்த்துக்கிறவங்க பிரிட்டனில் எப்படி ஒண்ணு சேர்ந்தாங்க? அந்தக் கதையை இன்னைக்குப் பார்க்கலாம்.

2000-ல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஈபிரிண்ட்ஸ் மென்பொருள் வந்தது. 2002-ல் எம்ஐடியும் ஹெச்பியும் சேர்ந்து டிஸ்பேஸைக் கொடுத்தன. ரெண்டுமே இலவசம். அதே 2002-ல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து ஷெர்பா திட்டம் தொடங்கியது. பல்கலைக்கழகங்களில் களஞ்சியங்களை அமைக்க உதவுவதுதான் அதன் வேலை.

சரி, மென்பொருள் வந்தாச்சு. அதை நடத்துறது யார்? பல இடங்களில் நூலகத்தில் ஒரே ஒருத்தர். அவரைக் குடைந்த கேள்விகள் கணினி பற்றியவை இல்லை. இந்தக் கட்டுரையின் எந்த வடிவத்தைப் போடலாம்? பதிப்பாளர் அச்சிட்ட பக்கத்தையா, ஆசிரியர் கடைசியாகத் திருத்திய பிரதியையா? எத்தனை மாதம் காத்திருக்கணும்? பதிப்பாளர்களின் விதிகளைத் தொகுத்த ஷெர்பா ரோமியோ தரவுத்தளம் பாதிப் பதிலைத் தந்தது. மீதிக்கு, இதே சிக்கலில் ஏற்கெனவே மாட்டி வெளியே வந்த இன்னொருத்தர் தேவைப்பட்டார்.

அப்படித்தான் 2007-ல், ஷெர்பா பிளஸ் திட்டத்தின் துணையோடு, யூகேகார் என்ற அமைப்பு பிறந்தது. அதில் கவனிக்க வேண்டிய விஷயம், உறுப்பினர்கள் தனிநபர்கள், பல்கலைக்கழகங்கள் இல்லை. அதனால சின்ன கல்லூரிக்காரரும் பெரிய பல்கலைக்கழகத்துக்காரரும் ஒரே வரிசையில் உட்கார முடிந்தது. திட்டத்துக்கான பணம் ஒருநாள் நின்றுவிடும். பழகிய மனிதர்கள் அப்படி நின்றுவிட மாட்டாங்க.

இதன் அருமை 2014-ல் புரிந்தது. இங்கிலாந்தின் உயர்கல்வி நிதி மன்றம் ஒரு விதியை அறிவித்தது: 1 ஏப்ரல் 2016-க்குப் பிறகு ஏற்கப்படும் ஆய்விதழ்க் கட்டுரைகள் களஞ்சியத்தில் இருந்தால்தான் அடுத்த தேசிய ஆய்வு மதிப்பீட்டில் சேரும். அந்த மதிப்பீட்டை வைத்துத்தான் ஆய்வு நிதி பங்கிடப்படும். நேத்துவரை யாரும் எட்டிப் பார்க்காத அந்த மேசையில், இப்போ பல்கலைக்கழகத்தின் வருமானமே வந்து உட்கார்ந்தது. எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் ஒரே சந்தேகம். ஆனா இந்தத் தடவை கேட்க ஆள் இருந்தது.

பின்னாளில் திறந்த ஆய்வு என்ற சொல்லும் அமைப்பின் பெயரில் சேர்ந்தது. வேலை விரிந்தபோது பெயரும் கூடவே விரிந்தது, அவ்வளவுதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.