ஒட்டிக்கொள்வது உங்கள் பாடு!

ஹங்கேரிக்காரரான நிகோலஸ் கோவ் 1939-ல் லண்டனில் ஆரம்பித்த கம்பெனி ஏர்ஃபிக்ஸ். முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மை, அப்புறம் சீப்பு. இவ்வளவுதான் வியாபாரம்.

1949-ல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனி, தன் விற்பனைப் பிரதிநிதிகளுக்குக் கொடுக்க ஒரு குட்டி பிளாஸ்டிக் டிராக்டர் கேட்டது. செய்தார்கள். ஆனால், ஒவ்வொன்றையும் ஆள் வைத்து ஒட்டவேண்டும். செலவு கையைக் கடித்தது. என்ன பண்ணலாம்? பாகங்களை அப்படியே கடையில் விற்றார்கள், 'நீங்களே ஒட்டிக்குங்க' என்று! காமர்ஸ் படித்த எனக்கு இங்கேதான் புல்லரிக்கிறது. தொழிலாளி செய்யவேண்டிய வேலையை, வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிப்போய்ச் செய்கிறார். அதுவும் சந்தோஷமாக!

அடுத்து டிரேக்கின் 'கோல்டன் ஹைண்ட்' கப்பல். விலை ரெண்டே ஷில்லிங் என்றது உல்வொர்த் கடை. அட்டைப்பெட்டி போச்சு, பிளாஸ்டிக் பை வந்தது. பிறகு, ஸ்பிட்ஃபயர். யுத்தத்தில் தலைக்கு மேல் பறந்த விமானம், சாப்பாட்டு மேஜையில் வந்து இறங்கியது. பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கைக்குப் பெயின்ட் அடித்தார்கள். பெயின்ட்டுக்குத் தனிக் காசு!