பேர் வெட்டாத குடம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெண்கல உருளி, பித்தளைத் தவலை, செம்புக் குடம் என்று குவிந்து கிடக்கும். பல பாத்திரங்களின் கழுத்தில் வீட்டுக்காரர் பேரின் எழுத்து வெட்டியிருக்கும். இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள், அதில் சமைத்துப் பார்ப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். 'நம்ம பாட்டிமார் புழங்கினது' என்கிறார்கள். யாருடைய பாட்டி? எங்க அப்பத்தா புழங்கிய ஒன்றாவது கிடைக்குமா என்று ஒருநாள் முழுக்க அலைந்தேன்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதிக் கள்ளர்கள் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது, சட்டை பனியன் கூடாது, குடை கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில், வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு புழங்கக்கூடாது என்பதும் ஒன்று. மீறிய இடங்களில் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளைபோயின. அதுவும் போதாமல் 1931 ஜூனில் பதினொரு தடைகள். பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக்கூடாது. தலையில் வைக்கும் சும்மாடு துணியாக இருக்கக்கூடாது, வைக்கோலில்தான் சுற்ற வேண்டும். சும்மாட்டுக்குக்கூட சட்டம் போட்டிருக்கிறான் பாருங்கள்! 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்.

இது இராமநாதபுரத்துக் கதை மட்டுமல்ல. 1935 நவம்பரில் அகமதாபாத் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில், உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்த தீண்டப்படாத பெண்களைச் சாதி இந்துக்கள் தாக்கினார்கள். 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதைச் சொல்கிறார்.

அப்பத்தா கல்யாணமான புதுசில் நாற்றுநட்ட கூலியைச் சேர்த்து ஒரு பித்தளைக் குடம் வாங்கினாளாம். தடையெல்லாம் பழைய கதையாகிவிட்டது என்றாலும் பயம் போகவில்லை. குலுக்கைக்குள் வைக்கோலைப் போட்டு மறைத்துவைத்து, ராத்திரியில் மட்டும் எடுத்துத் தேய்ப்பாளாம். அதில் தண்ணி எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தது எங்க அம்மாதான். பழந்துணியைச் சும்மாடு கட்டி.

மண்சட்டி சேகரிப்புக்கு நிற்காது. போகிக்குப் பழசு வெளியே போகும், சாவு விழுந்தால் உடையும். ஆனாலும் எங்க தெருவில் கேட்டுக் கேட்டு நான் சேர்த்தவை சில உண்டு: நடுவில் குழிந்த அம்மி, சிரட்டை அகப்பை, ஒரு அரிக்கஞ்சட்டி. உள்பக்கம் வரிவரியாகக் கீறிய மண்சட்டி அது. அரிசியைத் தண்ணீர்விட்டுச் சுழற்றிச் சாய்த்தால் அரிசி நழுவிப்போகும், கல் வரியில் தங்கும். களத்தில் எங்க ஆட்களுக்குக் கடைசியாக அளந்தது கல்லும் மண்ணும் கலந்த அடிநெல். ஆகவே எங்க வீட்டில் இந்தச் சட்டி இல்லாமல் உலை வைக்கமுடியாது. இன்றைக்கும் நான் அதில்தான் அரிசி களைகிறேன். கல் வருவதில்லை, கை மட்டும் பழக்கத்தில் சுழற்றுகிறது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ஊரிலிருந்து வந்தவள் அடுப்படியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எவர்சில்வர்ல திங்கணும்னுதானே நாங்க ஒடம்ப ஒடச்சோம். நீ மறுபடியும் சட்டியத் தூக்கிட்டு வந்து வச்சிருக்க."

மண்பானைச் சமையல் உடம்புக்கு நல்லது என்று எழுதுகிறவர்கள் அவளிடம் வந்து பேசிப்பார்க்கட்டும். நான் பேசவில்லை.

அந்தப் பித்தளைக் குடம் நான் கல்லூரியில் சேர்ந்தபோது அடகுக்குப் போனது, திருப்பவில்லை. காரைக்குடிக் கடைகளில் நான் உண்மையில் தேடியது அதைத்தான். அதில் அப்பத்தா பேர் வெட்டவில்லை. நாலைந்து குடங்களைத் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர் விலை சொன்னார். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.