கடல் காணாத ஊரில் ஒரு கடற்காவல்

யூஜீன் எலி என்னும் அமெரிக்கர் 1910-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி ‘பர்மிங்ஹாம்’ என்ற போர்க்கப்பலின் மரமேடையிலிருந்து விமானத்தைக் கிளப்பினார்; இரண்டே மாதங்களில் வேறொரு கப்பலின்மேல் விமானத்தை இறக்கிக் காட்டி உலகத்தை வியக்கவைத்தார். ஒரு தனி மனிதரின் சாகசமாகத் தொடங்கிய அந்த வித்தை, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குள் நம்முடைய கிழக்குக் கரையின் உறக்கத்தையே கெடுக்கும் பயங்கரமாக வளர்ந்துவிட்டது. அதற்கு நம் நாடு கண்ட பரிகாரங்களுள் ஒன்று, காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், அலையோசையே கேளாத அரக்கோணத்துச் செம்மண்ணில் இருக்கிறது.

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜப்பானியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9-ஆம் தேதி திருகோணமலையின் முறை. அன்றைக்கே, விமானந்தாங்கியாகவே வரைபடம் தீட்டிக் கட்டப்பட்ட முதல் கப்பல்களுள் ஒன்றான பிரிட்டனின் ‘ஹெர்மிஸ்’, தன்னைக் காத்துக்கொள்ள மேல்தளத்தில் ஒரு விமானமும் இல்லாத நிலையில், மட்டக்களப்புக்கு அப்பால் சில நிமிஷங்களில் மூழ்கிப்போயிற்று. விமானங்களைச் சுமப்பதற்கென்றே பிறந்த கப்பல், விமானமில்லாத வேளையில் விமானங்களாலேயே மாண்ட அந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துப்போகிறது.

அந்த ஒரு வாரச் செய்தி சென்னை நகரத்தைக் கலைத்துவிட்டது. அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன; மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள், குண்டுவீச்சில் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமோ என்ற அச்சத்தால், சுட்டுக் கொல்லப்பட்டன; பெட்டி படுக்கைகளுடனும் கைக்குழந்தைகளுடனும் ஜனங்கள் ரயில் நிலையங்களில் முண்டியடித்தார்கள். நெடுந்தூரத்துச் சமுத்திரத்தில் எங்கோ ஒரு கப்பல் நிற்கிறது என்ற எண்ணமே ஒரு மகாநகரத்தைக் காலிசெய்யப் போதுமானதாக இருந்தது என்றால், கடற்படை விமானத்தின் சக்திக்கு வேறு பிரமாணம் வேண்டியதில்லை.

சுதந்திரம் பெற்ற பாரதம் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1953-இல் கொச்சியில் ‘கருடா’ என்ற விமானதளம் எழுந்தது. 1961 மார்ச் 4-ஆம் தேதி ‘விக்ராந்த்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் நம் கடற்படையில் சேர்ந்தது. அதே ஆண்டு மே 18-ஆம் தேதி, பிற்காலத்தில் கடற்படைத் தளபதியாக உயர்ந்த தஹிலியானி, அதன் மேல்தளத்தில் ஜெட் விமானத்தை முதன்முதலாக இறக்கினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1971 டிசம்பர் 4-ஆம் தேதி, விக்ராந்திலிருந்து புறப்பட்ட ‘ஸீஹாக்’ விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியபோது, வங்கக் கடலின்மேல் பறந்தவை நம்முடைய சிறகுகளாக இருந்தன.

இனி அரக்கோணத்துக்கு வருவோம். பக்கத்திலிருக்கும் தக்கோலம், 949-ஆம் ஆண்டு இராஷ்டிரகூடருடன் நடந்த யுத்தத்தில் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமீது அமர்ந்தபடியே உயிர்நீத்த இடமென்பதைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். அந்தப் பிரதேசத்தில் இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமைந்த விமானத் திடலே புதுப்பிக்கப்பட்டு, ‘ராஜாளி’ என்ற அழகிய தமிழ்ப் பெயருடன், தமிழரான ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன் அவர்களால் 1992 மார்ச் 11-ஆம் தேதி கடற்படைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நான்கு கிலோமீட்டருக்கும் அதிகமான அதன் ஓடுபாதை, சோவியத் நாட்டிலிருந்து 1988-இல் கோவாவுக்கு வந்திருந்த டி.யூ.-142 என்னும் பிரம்மாண்டமான விமானங்களுக்குத் தகுந்த இருப்பிடமாயிற்று.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருநீளப் பாவு விரித்து இழை சரிபார்ப்பவர்கள், வடக்கே எழும் அந்தக் கனத்த ரீங்காரத்தைக் கேட்டுத் தலைநிமிர்ந்து பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். நான்கு இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சுழல்விசிறிகள், அந்த ஓசையை வேறெந்த விமானத்தின் ஓசையோடும் குழப்பிக்கொள்ள முடியாது. இத்தனை ஆரவாரத்துடன் பறந்த அதன் வேலையோ, கடலுக்கடியில் நிசப்தமாக ஊரும் நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பது. மேலிருந்து சிறு ஒலிமிதவைகளை வரிசையாக நீரில் போட்டுவிட்டு, அவை அனுப்பும் சப்தங்களை உள்ளே அமர்ந்து காதுகொடுத்துக் கேட்பார்கள். தறியின் ஓசை மாறுவதைக்கொண்டே இழை அறுந்ததை அறிந்துகொள்ளும் நெசவாளியைப்போல, ஆயிரம் அலைச் சத்தங்களுக்கு நடுவே அந்நிய இயந்திரத்தின் துடிப்பைப் பிரித்தறிவார்கள்.

2013 மே மாதத்தில், அதே வேலைக்கென பி-8ஐ என்ற ஜெட் விமானம் ராஜாளிக்கு வந்து சேர்ந்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில், பெருமழையால் சென்னை விமான நிலையம் நீரில் மூழ்கி மூடப்பட்டபோது, சாதாரணப் பிரயாணிகளின் விமானங்களுக்கும் இதே ஓடுபாதை இடம் கொடுத்தது. 1942-இல் கடற்படை விமானங்களுக்கு அஞ்சிப் பட்டணத்தைவிட்டு ஓடிய மக்களின் பேரப்பிள்ளைகள், பட்டணம் வெள்ளத்தில் தத்தளித்த நாளில், கடற்படை விமானங்களின் வீட்டையே வாசலாகக்கொண்டு வந்தார்கள், போனார்கள்.

2017 மார்ச் 29-ஆம் தேதி, 29 ஆண்டுகள் உழைத்த டி.யூ.-142 விமானங்களுக்கு ராஜாளியில் விடைகொடுத்தார்கள். அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினம் சென்றது. 1942 ஏப்ரல் 6-ஆம் தேதி குண்டு விழுந்த அதே ஊரின் கடற்கரைச் சாலையில் இன்று அது ஒரு காட்சிக்கூடமாக நிற்கிறது; குழந்தைகள் படியேறி அதன் வயிற்றுக்குள் சென்று, ஒலிமிதவைகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.