614 ரூபாய் 13 அணா

கிண்டி ரேஸ் கோர்ஸின் வரலாற்றைச் சுருக்கமா சொல்லுங்கன்னு கேட்டால் ஒரு தொகையைத்தான் சொல்வேன்: 614 ரூபாய் 13 அணா. 160.86 ஏக்கர் அரசு நிலத்துக்கு வருட வாடகை. 1945 ஏப்ரல் 1 முதல் 99 வருடக் குத்தகை. ஏக்கருக்கு வருடம் நான்கு ரூபாய்கூட வராது.

குதிரைகள் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டன. கம்பெனி காலத்தில், 1777இலேயே இங்கே பந்தயம் தொடங்கியதாகச் சொல்வார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவானது 1896இல். வெள்ளைக்காரர்கள் போனார்கள், கிளப்பும் குத்தகையும் இருந்தன. பக்கத்தில் இன்றும் ஐந்து பர்லாங் சாலை என்று ஒன்று உண்டு. ஊரே கிலோமீட்டருக்கு மாறிய பிறகும் பந்தயக்காரர்களின் அளவை அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மதிலுக்கு வெளியே இருந்த சென்னைக்கு 'ரேஸ்' வேறொரு சொல். "அவர் ரேஸுக்குப் போறவராம்" என்று யாராவது சொன்னால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். சம்பள நாளில் வீட்டுக்கு வராத அப்பாக்களைப் பற்றிய பேச்சு அது. அந்தக் கோபத்துக்கு 1974இல் சட்ட வடிவம் கிடைத்தது. கருணாநிதி ஆட்சி குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சி, கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டது. எதிரெதிர்க் கட்சிகள் ஒத்துப்போன அபூர்வ விஷயம் இது.

கிளப் விடவில்லை. 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கைவண்ணம், முந்தைய ஓட்டங்கள், இதையெல்லாம் எடைபோட்டுத்தான் பணம் கட்டுகிறார்கள். ஆகவே இது பெரும்பாலும் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல. 1986 சட்டம் ரத்தானது. 1974 சட்டத்துக்கு வேலையில்லாமல் போனது.

தீர்ப்பின் தர்க்கத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. குதிரையைப் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் டோட் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். எல்லோரும் கட்டிய பணம் ஒரே குவியலாகச் சேரும். கிளப்பின் பங்கும் வரியும் போக மீதிதான் ஜெயித்தவர்களுக்கு. அத்தனை பேரும் மேதைகளாக இருந்தாலும், கூட்டமாகப் பார்த்தால் அவர்கள் கட்டியதைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும். சாதாரணக் கழித்தல் கணக்கு. நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி, திறமையா அதிர்ஷ்டமா. வீட்டில் காத்திருந்தவர்கள் கேட்டது, பணம் எங்கே என்று. இரண்டும் வேறு கேள்விகள்.

நான் மென்பொருள் துறையில் இருப்பதால் இந்த வித்தியாசம் கூடுதலாக உறுத்துகிறது. ரம்மி ஆப்களுக்கு வக்கீல்கள் தூக்கிப் பிடித்தது இதே தீர்ப்பைத்தான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் ஆன்லைன் தடையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதும் திறமை வாதமே முன்னால் நின்றது. ரேஸுக்காவது கிண்டி வரை போக வேண்டும், பந்தய நாள் வரை காத்திருக்க வேண்டும். ஆப் ராத்திரி ரெண்டு மணிக்கும் படுக்கையிலேயே கிடைக்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அதில் மூன்று கடன்கள் வரை போனார். நன்றாக ஆடுவார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் போட்ட சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமலே தடுத்தது. கேள்வியை மாற்ற 29 வருடங்கள் ஆகியிருக்கின்றன.

கடைசியில் கிண்டி ரேஸ் கோர்ஸை வாடகைதான் மடக்கியது. பாக்கி 730.86 கோடி ரூபாயைக் கட்டச் சொல்லி 2023இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து வாசலுக்குச் சீல் வைத்தது. கிளப் மீண்டும் நீதிமன்றப் படியேறியது. அதற்குள் உள்ளே மழைநீருக்குக் குளங்கள் வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஒழுக்கத்தின் பெயரில் வந்த இரண்டு சட்டங்கள் தோற்ற இடத்தில் ஒரு வாடகை ரசீது ஜெயித்திருக்கிறது. பெருமைப்பட அதில் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் மிதக்கும் வேளச்சேரிக்கு, அந்த நிலம் எந்த வழியில் கிடைத்தாலும் தண்ணீர் நிற்க இடம்தான்.